ஒரு பங்கு, நாலாயிரத்து நூற்றுப் பதினேழு முறை

கடிதத்தில் பெயருக்கு முன்னால் "திருவாளர்" என்று அச்சாகியிருந்தது. ஆறு வருட வேலையில் யாரும் அவனை அப்படி அழைத்ததில்லை. அலுவலகத்தில் அவன் பூச்சி. வீடியோ கேம் செய்கிற கம்பெனிகளில் பிழைக்குப் பூச்சி என்று பேர். கேமை விளையாடிப் பார்த்துப் பூச்சி பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. பிடித்துப் பிடித்து அந்தப் பேர் அவன்மேலேயே ஏறிவிட்டது.

பங்கு வர்த்தகக் கண்காணிப்பு வாரியம் எழுதியிருந்தது: தாங்கள் வெளியிடப்படாத உள்தகவல் அறிந்து தங்கள் நிறுவனத்தின் பங்குகளை வாங்கியதாகக் கருதப்படுவதால், வரும் திங்கட்கிழமை ஆஜராகவும். தங்களுக்கு எதுவும் தெரியாது என்பது தங்கள் வாதமாக இருப்பின், அறியாமைக்கான ஆதாரங்களுடன் வரவும்.

மனைவி இரண்டு தடவை படித்தாள். எட்டாம் மாதம். நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜை எட்டாது. கடிதத்தை வயிற்றின்மேல் வைத்துத்தான் படித்தாள்.

"அறியாமைக்கு ஆதாரமா? நான் வந்து சொல்றேங்க. ஒரு நாள் பூரா பேசறேன்."

அவன் சிரிக்கவில்லை. அதே காலையில் கம்பெனியிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்திருந்தது. விசாரணை முடியும்வரை ஊழியரின் மருத்துவக் காப்பீடு நிறுத்திவைக்கப்படுகிறது. முடிந்தபின், முடிந்த விதத்தைப் பொறுத்து, தொடரும் அல்லது தொடராது. குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. அறுவை என்று டாக்டர் முடிவு செய்து இருபத்தாறாம் தேதி குறித்துக் கொடுத்திருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை இருந்தால் படுக்கை உண்டு. இல்லாவிட்டால் முழுத்தொகையையும் முன்னால் கட்டவேண்டும். அந்தத் தொகையை அவர்கள் இருவரும் காகிதத்தில் எழுதிப் பார்த்ததுகூட இல்லை. எழுதி என்ன ஆகப்போகிறது.

நடந்தது இதுதான்.

கம்பெனி ஏழு வருடம் ஒரே ஒரு கேமைச் செய்தது. ஒரு ராஜா இடிந்துபோன நகரத்தைத் திரும்பக் கட்டவேண்டும். வெளியான அன்று குதிரைகள் சுவருக்குள் புகுந்து நின்றன. ராஜாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. இரண்டையும் பூச்சி ஒரு வருடம் முன்பே எழுதிக்கொடுத்திருந்தான். பங்கின் விலை இறங்கி இறங்கி, ஒரு பக்கம் கலர் ஜெராக்ஸ் எடுக்கிற காசுக்கு வந்து நின்றது. கம்பெனி முதலில் குடிதண்ணீர் கேனை நிறுத்தியது, பிறகு பாதி விளக்குகளை, பிறகு பூச்சி பிடிப்பவர்களில் பாதிப் பேரை. நிறுவனர் மாதம் ஒருமுறை எல்லோரையும் கூட்டிப் பேசுவார். நாம் நஷ்டத்தில் இல்லை, லாபத்துக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறோம் என்பார். கைதட்டியாக வேண்டும். தட்டாதவர்களின் பட்டியல் ஒன்று இருப்பதாகப் பேச்சு.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஊழியர்களே பங்கு வாங்கினால் விலை ஏறும். அதற்கென்று கணினியில் ஒரு பக்கம் செய்யச் சொன்னார். நம்பிக்கைப் பங்குத் திட்டம். பட்டனை அமுக்கினால் ஒரு பங்கு. காசு பின்னால் வரும் சம்பளங்களில் பிடிக்கப்படும். அந்தப் பக்கத்தைச் சோதிக்கும் வேலை பூச்சிக்கு வந்தது.

இப்படிப்பட்டவற்றைச் சோதிக்கத் தனியாக ஒரு பொய்க் கணினி வைத்திருப்பார்கள். அதில் எதை அமுக்கினாலும் வெளியே ஒன்றும் நடக்காது. செலவைக் குறைத்தபோது அந்தக் கணினியையும் விற்றுவிட்டார்கள். விற்ற செய்தியை யாரும் பூச்சியிடம் சொல்லவில்லை. சோதனைப் பட்டியலில் முப்பத்தெட்டாவது வரி: பட்டனை நாலாயிரம் முறை அமுக்கி, தாங்குகிறதா பார்க்கவும். தானாக அமுக்கும் மென்பொருளின் சந்தாவும் போய்விட்டிருந்ததால் விரலால் அமுக்கினான். இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் கைபேசியில் வாழ்த்து வந்தது. வாழ்த்துகள், நீங்கள் ஒரு பங்கு வாங்கிவிட்டீர்கள். இதையும் சேர்த்துத்தான் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் காலை சம்பளச் சீட்டைத் திறந்தான். அதில் சம்பளம் இல்லை.

உடனே பிழை எழுதினான். பட்டனை அமுக்கினால் நிஜமாகவே வாங்குகிறது, அவசரம். பக்கத்தைச் செய்தவன் பத்து நிமிஷத்தில் பதில் போட்டு மூடினான்: வாங்கும் பட்டன் வாங்குகிறது. இது பிழை அல்ல.

அவனுடைய குழுத்தலைவியிடம் போனான். எல்லோருக்கும் அவள் அக்கா. நாற்பத்தைந்து வயது, படுக்கையில் கிடக்கும் தம்பியை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். அவள் தன் தலையில் கைவைத்தாள். சரி, அவன் மூடிட்டான், திறக்க வைக்கணும்னா ஆதாரம் வேணும், எல்லா உலாவியிலயும், எல்லா வேகத்துலயும் அமுக்கி வீடியோ எடு என்றாள். விதி அப்படி. திரும்ப நிகழ்த்திக் காட்டாத பிழை, பிழையாகாது. ஆகவே தன் பணம் போகிறது என்று நிரூபிக்கப் பூச்சி மேலும் நூற்றுப் பதினேழு முறை அமுக்கினான்.

அன்று பிற்பகல் பெரிய கம்பெனி ஒன்று இவர்களை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பங்கு பதினோரு மடங்கு ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். பூச்சி வீடியோக்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான்.

வாரியத்தின் கூடத்தில் முப்பது நாற்காலிகள், ஒரே ஆள். ஆனாலும் டோக்கன் வாங்கச் சொன்னார்கள். டோக்கன் எழுபத்திரண்டு. ஒன்றிலிருந்து எழுபத்தொன்றுவரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம் காத்திருந்து, வரவில்லை என்று எழுதிக்கொண்டு, அவனைக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி சாந்தமான மனிதர். மேஜையில் பென்சில்களை உயர வரிசையில் அடுக்கியிருந்தார்.

"உங்க கம்பெனி பங்கை, புத்தி உள்ள எவனாவது வாங்குவானா?"

"மாட்டான் சார்."

"நீங்க வாங்கியிருக்கீங்க. அப்போ உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கணும்."

"தெரியாது சார்."

"தெரியாம வாங்கினீங்கன்னா புத்தி இல்லைன்னு ஆகுது. அதுக்குச் சர்டிபிகேட் இருக்கா?"

இல்லை என்றான். வாங்கிவரப் பதினைந்து நாள் கொடுத்தார். மனநல மருத்துவர் பெயரும் அவரே எழுதிக் கொடுத்தார். அந்த டாக்டர் இரண்டு படங்களை நீட்டி ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னார். பூச்சி எட்டு கண்டுபிடித்தான். ஏழாவது அச்சுப் பிழை. எட்டாவது, படத்துக்குக் கீழே டாக்டரின் பட்டம் இரண்டு விதமாகப் போடப்பட்டிருந்தது. டாக்டர் முகம் சுண்டிப்போய்ச் சர்டிபிகேட் எழுதினார்: அபாரமான கவனம், எதையும் தற்செயலாகச் செய்யக்கூடியவர் அல்லர். அது அவனுக்கு எதிரான முதல் ஆவணமாகக் கோப்பில் சேர்ந்தது.

அடுத்த விசாரணையில் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார்கள். அறிவிப்புக்கு முந்தைய நாட்களில் யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று. அடியில் எறும்பு வரிசை மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள், அது பூச்சி. அறிவிப்புக்கு முந்தின நாளில் மூன்று கோபுரங்கள் வரைபடத்தின் சட்டத்தைத் தாண்டி, மேலே ஒட்டிய கூடுதல் காகிதத்திலும் ஏறி நின்றன. தொழில் பழக்கம், அவன் கை தானாக அங்கே போனது. சார், இது மூணும் யாரு?

அதிகாரி மறைக்கவில்லை. ஒன்று நிறுவனரின் மைத்துனர், ஒன்று நிதி இயக்குநரின் மாமியார், ஒன்று நிறுவனரின் கார் ஓட்டுநர்.

"அவங்களை விசாரிச்சீங்களா சார்?"

"வாழ்த்துக் கடிதம் அனுப்பியிருக்கோம்." அவர் ஒரு பென்சிலை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். "இங்க பாருங்க தம்பி. ஒரு ஆள் மூணு லட்சம் பங்கை ஒரே மூச்சுல வாங்கறார்னா அது நம்பிக்கை. சந்தைக்கு அதுதான் உயிர். அதைச் சந்தேகப்பட்டா நாளைக்கு எவன் நம்பிக்கை வைப்பான்? நீங்க ஒவ்வொண்ணா வாங்கினீங்க. ஒவ்வொண்ணா வாங்கறவன் பயப்படறான். பயப்படறவன் எதையோ மறைக்கிறான். தவிர, அந்த மூணு பேரும் வக்கீல் வெச்சிருக்காங்க. ஒரு தடவை கூப்பிட்டா எங்களுக்கு நாலு வருஷம். நீங்க கூப்பிட்ட உடனே வந்துட்டீங்க. குற்ற உணர்ச்சி இல்லாதவன் இவ்வளவு சீக்கிரம் வருவானா?"

காப்பீட்டை மட்டுமாவது திறந்துவிடச் சொல்லிக் கேட்டான். இருபத்தாறாம் தேதியைச் சொன்னான். அதிகாரி நாட்காட்டியைப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடு, விசாரணை நியாயமாக நடந்தால் ஒன்றரை வருடம் ஆகும் என்றார்.

வீட்டில் மனைவி இதைக் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னத் துணிகள், யாரோ கொடுத்தவை.

"ஒன்றரை வருஷம் உள்ளயே வெச்சுக்கறேன். நடக்கக் கத்துக்கிட்டே வெளிய வரட்டும்."

பிறகு, தன் அண்ணனிடம் பணம் கேட்டுவிட்டதாகவும், அவன் கைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டதாகவும் சொன்னாள். பூச்சி மூன்று இடத்தில் கேட்டிருந்தான். அவளிடம் சொல்லவில்லை. பங்குகளை விற்கலாமே என்று அவள் கேட்டாள். அவை முடக்கப்பட்டிருந்தன. அதிகாரியின் கணக்கில் அவன் பணக்காரன்.

மூன்றாவது விசாரணை வாரியத் தலைவரின் முன்னால். பெரிய அறை, நீளமான மேஜை, ஓரத்தில் குறிப்பெடுக்கும் எழுத்தர். பூச்சி தன் நூற்றுப் பதினேழு வீடியோக்களையும் கொண்டுபோயிருந்தான். ஒன்றைப் பார்த்ததும் தலைவர் கையை உயர்த்தினார். நூற்றுப் பதினேழு தடவை குற்றம் செய்ததோடு அதைப் படமும் எடுத்திருக்கிறான் என்று எழுத்தரிடம் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

நேரில் காட்டுகிறேன் சார் என்றான் பூச்சி. அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூட வேண்டுமானால் அதில் பிழை இருப்பதாக யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவரின் கணினியிலேயே திறந்து, தன் அடையாள எண்ணைப் போட்டுக் கொடுத்தான். தொடாதீங்க சார், பாருங்க மட்டும் என்றான்.

தலைவர் முப்பது வருடம் சந்தையைக் காத்தவர். உறுதிதானா என்று திருப்பிக் கேட்காமல் எந்தப் பக்கமும் எதையும் விற்காது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொண்டே அமுக்கினார். பூச்சியின் சட்டைப்பையில் மணி அடித்தது. தலைவர் கைபேசியை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப அமுக்கினார். ஒன்றும் ஆகலையே என்றார். மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை. மொத்தம் பன்னிரண்டு.

எழுத்தர் எழுதியதை உரக்கப் படித்தார்: குற்றம் சாட்டப்பட்டவர் வாரியத்தின் முன்னிலையிலேயே மேலும் பன்னிரண்டு பங்குகளை வாங்கினார். முகத்தில் வருத்தத்தின் அறிகுறி தென்படவில்லை.

"சார், விரல் உங்களுது."

"விரல் யாருதுன்னு சட்டம் பாக்காது," என்றார் தலைவர். "கணக்கு யாருதுன்னுதான் பாக்கும்."

"அப்போ அந்த டிரைவர் கணக்குல மூணு லட்சம் பங்கு இருக்கே சார். அவர் சம்பளம் என்னோடதைவிடக் கம்மி."

"அது வேற. அங்க கணக்கு டிரைவரோடது. ஆனா விரல் யாருதுன்னு நிரூபிக்க முடியுமா?" எழுத்தரைப் பார்த்தார். "இந்தக் கடைசி வரி வேண்டாம்."

அதன்பிறகு அதிகாரி அவனைத் தனியாக அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். சமரச மனு என்று ஒன்று இருந்தது. மூன்று பக்கம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் விசாரணை அன்றே முடியும். பங்குகள் வாரியத்துக்குப் போகும். நாலு மாதச் சிறை, அதுவும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து. மிக முக்கியமானது, தகவலைப் பெற்றவர் என்ற முறையில் மாதக் கடைசிவரை அவன் ஊழியனாகவே கருதப்படுவான். காப்பீடு அன்று மாலையே திறக்கும். இருபத்தாறு அதற்குள் அடங்குகிறது என்று அதிகாரியே சுட்டிக்காட்டினார்.

"உங்க சம்சாரத்துக்காகத்தான் சொல்றேன். எனக்கும் ரெண்டு பொண்ணு."

பூச்சி எழுத ஆரம்பித்தான். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. தகவலைக் கொடுத்தவர் பெயர்.

யாரும் கொடுக்கலையே சார் என்றான். கட்டம் காலியாக இருந்தால் மனு செல்லாது என்றார் அதிகாரி. பெற்றவர் என்று ஒருவர் இருந்தால் கொடுத்தவர் என்று ஒருவர் இருந்தே தீரவேண்டும். நிறுவனர் பெயரை எழுதலாமா என்று கேட்டான். அவர் விசாரணைக்கு முழு ஒத்துழைப்புத் தருகிறவர், அவரை எழுத முடியாது. இறந்தவர்களை எழுதலாமா என்று கேட்டான். முகவரிச் சான்று வேண்டும்.

"அன்னிக்கு உங்களை யாரு திரும்பத் திரும்ப அமுக்கச் சொன்னது?"

பூச்சி பேனாவைக் கீழே வைத்தான்.

"அவங்களுக்கு என்ன ஆகும் சார்?"

"கொடுத்தவங்களுக்குச் சலுகை கிடையாது. கையெழுத்தான நிமிஷமே வேலை போகும். பெற்றவருக்குத்தான் மாசக் கடைசி." அவர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுட்டு வாங்க. நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் இந்த மனு இருக்கும்."

அன்று இரவு அவன் மனைவியிடம் கட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நாளைக்கு முடிஞ்சுடும் என்று மட்டும் சொன்னான். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதை அவன் அவள் திரும்பிப் படுத்த விதத்தில் பார்த்தான். அக்கா அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள். ஆட்களைக் குறைத்தபோது அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கத் தன் ஊதிய உயர்வை விட்டுக்கொடுத்தவள். அவள் தம்பிக்கு வாரம் இரண்டு தடவை ஊசி. அதுவும் அதே காப்பீட்டில்தான்.

காலை பதினொன்றரைக்கு அவன் கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினான். எழுத்து கோணவில்லை. நன்றாகவே வந்தது.

அதிகாரி முத்திரை குத்தினார். அலமாரியிலிருந்து இன்னொரு மெல்லிய கோப்பை எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்து நாடாவால் கட்டினார். மேல் கோப்பின் ஓரத்தில் தெரிந்த கையெழுத்தைப் பூச்சி ஆறு வருடமாகத் தினம் பார்த்திருக்கிறான். அக்கா நேற்றே வந்துபோயிருந்தாள். அவளும் எப்போதோ இருபது பங்கு வாங்கியிருந்தாளாம், அவள் காப்பீட்டையும் நிறுத்தி அதே மனுவை நீட்டியிருந்தார்கள். அவள் கட்டத்தில் அவன் பெயர் இருந்தது.

"இதுதான் முழுமையான வழக்கு," என்றார் அதிகாரி. முதல்முறையாக அவர் முகம் மலர்ந்திருந்தது. "அவங்க உங்ககிட்டேயிருந்து தெரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க அவங்ககிட்டேயிருந்து தெரிஞ்சுக்கிட்டீங்க. வெளியாள் யாருமே சம்பந்தப்படலை. ஒரு ஓட்டை கிடையாது."

"சார், அப்போ மாசக் கடைசி?"

அதிகாரி விதியைத் திறந்து படித்தார். நிதானமாக, விரல் வைத்து. பெற்றவர் என்றால் மாதக் கடைசி. கொடுத்தவர் என்றால் உடனே. இருவரும் பெற்றிருக்கிறார்கள், இருவரும் கொடுத்தும் இருக்கிறார்கள். இரண்டு விதிகள் மோதினால் கடுமையானது பொருந்தும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பதிலிருந்து நீங்க ஊழியர் இல்லை என்றார். நகல் வேண்டுமானால் கீழே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

வாசலில் பத்திரிகைக்காரர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். சிறு முதலீட்டாளர்களைச் சுரண்டிய ஒரு சதிக்கும்பல் முறியடிக்கப்பட்டது, சந்தையின் மீது மக்களின் நம்பிக்கை இன்று மீட்கப்பட்டது என்றார். நிறுவனர் பக்கத்தில் நின்று, தன் குடும்பத்திலேயே இப்படி நடந்ததில் மனம் உடைந்துபோனதாகச் சொன்னார். அவருடைய காரின் கதவை ஓட்டுநர் திறந்து பிடித்திருந்தார்.

அக்கா பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் நகலை வாங்க வந்திருந்தாள். பூச்சியைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"கட்டம் காலியா இருந்தா எடுத்துக்க மாட்டோம்னாங்கடா."

"எங்கிட்டயும் அதான் அக்கா சொன்னாங்க."

"உனக்கு நாள் குறிச்சிருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

"நானும் தம்பியோட ஊசி தெரிஞ்சுதான் எழுதினேன்."

அவள் தலையாட்டினாள். இருவரும் எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு பேருந்து வந்து, இருவரும் எழாததால், கதவை மூடிக்கொண்டு போனது.

கைபேசி அடித்தது. மனைவி. பின்னால் வண்டிச் சத்தம், அவள் குரல் துண்டு துண்டாக வந்தது. இருபத்தாறு வரைக்கும் இது நிக்காது போல, பனிக்குடம் உடைஞ்சிருச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க வண்டியில போயிட்டிருக்கேன், இன்னும் பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி என்றாள். மூச்சு வாங்கினாள்.

"அட்டையை எடுத்துட்டேங்க. திறந்துட்டாங்கல்ல? வாசல்லயே கேப்பாங்களே."

பூச்சி அக்காவைப் பார்த்தான். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் எழுந்து சாலையில் இறங்கி, வருகிற வண்டிகளை எல்லாம் கைகாட்டி நிறுத்தத் தொடங்கினாள்.

"கவுண்டர் பக்கம் போகாத," என்றான் அவன். "வலியில கத்து. எவ்வளவு முடியுமோ அவ்வளவு கத்து. முதல்ல போய்க் கட்டில்ல படுத்துடு. அட்டையை அப்புறம் காட்டு."